சகலை இழுக்கும் பவுண்டு

2019 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை. நகரின் தெற்கு ஓரத்திலிருந்த வில்வித்தைக் கழகம், ஐம்பது மீட்டர் மைதானம், நான்காம் எண் இலக்கு. எழுபத்திரண்டு அம்புகளுக்குப் பிறகு பலகையில் எழுதப்பட்ட புள்ளிகள்: முதல் வரி 661, இரண்டாம் வரி 668.

661 எடைமேடைக்காரருடையது. 668 அவருடைய சகலையுடையது.

எடைமேடைக்காரர் என்றுதான் கழகத்தில் எல்லோரும் அவரை அழைத்தார்கள். புறவழிச் சாலையில் ஜல்லி லாரிகளும் பழைய இரும்பு லாரிகளும் ஏறி நின்று எடை பார்த்துப் போகிற மேடைக்கு அவர் பொறுப்பாளர். எட்டடிக்கு ஆறடியில் ஓர் அறை, ஒரு கண்ணாடி ஜன்னல், சிவப்பு எண்கள் ஓடும் ஒரு பெட்டி. பத்தொன்பது வருடச் சர்வீஸ். லாரிக் கதவில் பெயின்டால் எழுதியிருக்கும் காலி எடையை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. "எழுதினதெல்லாம் எழுதினவன் இஷ்டம். மேல ஏத்து, பாத்துக்கலாம்" என்பார்.

சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், லிஃப்ட் மெக்கானிக். எட்டு வயது இளையவர், ஒரு சாண் உயரமானவர். அவரைக் கழகத்துக்கு அழைத்துவந்ததே எடைமேடைக்காரர்தான். "ஞாயித்துக்கிழமை சும்மா படுத்துக் கிடக்கறாராம், கூட்டிட்டுப் போங்களேன்" என்று மனைவி சொன்னதற்காக அழைத்துப்போனார். பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டோம் என்பது அவருக்கு மெள்ள மெள்ளத்தான் தெரியவந்தது.

கழகங்களுக்கு இடையிலான போட்டி மே மாதம். இரு முனையிலும் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில் பிரிவில் ஓர் அணிக்கு மூன்று பேர். முதல் இரண்டு பேரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு பல் டாக்டரும் ஒரு வங்கிக் காசாளரும் எப்போதும் எழுநூறுக்குப் பக்கத்திலேயே நிற்பவர்கள். மூன்றாவது இடம் நான்கு வருடமாக எடைமேடைக்காரருடையது. வேலையில் அவரை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை; இருந்த நாற்காலியில் இருந்தபடியே பத்தொன்பது வருடம் போயிருந்தது. பெண் பார்க்கப் போனபோதுகூட மாமனாருக்கு முதலில் பிடித்திருந்தது வேறொரு பையனை என்று மனைவியே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இவர்தான் வேண்டும் என்று எடுத்துக்கொண்ட ஒரே இடம் அந்த மூன்றாவது இடம். அதற்கான தேர்வு மார்ச் 31 என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது.

அன்று அம்பு பிடுங்கப் போகும்போது சகலைதான் முதலில் பேசினார்.

"அண்ணே, கடைசி ரவுண்டுல காத்து அடிச்சுதே, நீங்க எவ்வளவு தள்ளிப் பிடிச்சீங்க?"

"காத்தா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

தெரிந்திருந்தது. ஆறு அம்பில் இரண்டை அந்தக் காற்று கொண்டுபோயிருந்தது.

திரும்பி வந்ததும் சகலை தண்ணீர் பிடிக்கப் போனார். ஸ்டாண்டில் இரண்டு விற்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. எடைமேடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். காம்பவுண்ட் வில்லில் மேலும் கீழும் வளைகிற பட்டைகளை லிம்ப் என்பார்கள். எவ்வளவு பலம் கொடுத்து இழுக்கவேண்டும் என்பது அந்தப் பட்டையையும் அதன் அடியிலிருக்கும் திருகாணியையும் பொறுத்தது. சகலையின் கீழ் லிம்பில் ஒரு சின்ன ஸ்டிக்கர். அதில் 45–60 என்று அச்சடித்திருந்தது. அவருடைய கண் நாற்பத்தைந்தைத் தாண்டி அறுபதில் போய் உட்கார்ந்தது.

பிறகு சைட்டைப் பார்த்தார். குறி பார்க்கும் முள் நகர்கிற அளவுகோல் அது. இருவரும் ஒரே கம்பெனி சைட்தான் வைத்திருந்தார்கள், அதையும் வாங்கச் சொன்னது அவரேதான். ஐம்பது மீட்டருக்கு அவருடைய முள் 52-ல் நிற்கும். சகலையுடையது 31-ல் நின்றது. அம்பு எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு குறைவாக விழும், முள் அவ்வளவு மேலே, சின்ன எண்ணுக்கு, ஏறும். ஸ்டிக்கர் சொன்னதை முள்ளும் சொல்லிவிட்டது. சகலை இழுப்பது அறுபது பவுண்டு. அவர் இழுப்பது நாற்பத்தாறு.

கேட்டிருக்கலாம். "தம்பி, எத்தனை பவுண்டு வெச்சிருக்கீங்க?" என்று ஒரு வரி. கேட்டால் சகலை சொல்லியிருப்பார், கேட்காததையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். எடைமேடைக்காரர் தன் வில்லை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

மதியச் சாப்பாடு மாமனார் வீட்டில். நான்காம் மாடி. இரண்டு மாதமாக மூன்றாம் மாடியில் நின்று நின்று போய்க்கொண்டிருந்த லிஃப்டைச் சகலை போன வாரம் வந்து சரிசெய்திருந்தார். கீழே காவலாளி, "சின்ன மாப்பிள்ளை கை வெச்சதும் வெண்ணெய் மாதிரி போகுது சார், ஏறுங்க" என்றார். எடைமேடைக்காரர் படியில் ஏறினார். மனைவி லிஃப்டில் போய், மேலே கதவுக்கு முன்னால் காத்திருந்தாள்.

"என்ன திடீர்னு படி?"

"டாக்டர் நடக்கச் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

அதற்குள் கதவு திறந்துவிட்டது.

மாமனார் உட்காரக்கூட விடவில்லை. "சின்ன மாப்பிள்ளை அறுநூத்தி அறுபத்தெட்டாமே! இவ்வளவு சீக்கிரத்துல யாருமே அடிச்சதில்லையாமே?"

"நம்ம கிளப்புல எழுநூறு அடிக்கறவங்க ரெண்டு பேரு இருக்காங்க மாமா."

"அவங்க கிடக்கட்டும், மாப்பிள்ளை. நான் நம்ம வீட்டுக்குள்ள சொல்றேன்."

நம்ம வீட்டுக்குள்ளே என்றால் இரண்டே பேர்தான். எடைமேடைக்காரர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"அண்ணே இல்லேன்னா எனக்கு வில்லுல மேல் எது, கீழ் எதுன்னே தெரியாது மாமா" என்றார் சகலை, வாய் நிறையச் சாப்பாட்டோடு. "எல்லாம் அண்ணன் சொல்லிக் கொடுத்ததுதான்."

"சொல்லிக் கொடுத்தவரு எவ்வளவு அடிச்சாரு?" மாமியார் அடுக்களையிலிருந்து வெள்ளந்தியாகக் கேட்டார்.

மைத்துனி குழம்புக் கிண்ணத்தை எடைமேடைக்காரர் பக்கம் நகர்த்தி, "மாமா, இன்னும் கொஞ்சம் ஊத்திக்குங்க" என்றாள். சகலை கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும் என்று எடைமேடைக்காரர் நினைத்தார். ஒருவன் நம்மை மிதித்தால் திட்டலாம். தோளில் கை போட்டுக்கொண்டே முன்னால் போகிறவனை என்ன செய்வது?

திரும்பி வரும் வழியில் மனைவி கேட்டாள்: "உங்க மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"லாரிக்காரன் உங்க எடைச்சீட்டைக் கிழிச்சு உங்க மேலயே போட்டுட்டுப் போன மாதிரி."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் கழகத்தின் பட்டறைக்குப் போனார். விற்களைச் சரிபார்ப்பது, நாண் கட்டுவது, அளவு பொருத்துவது எல்லாம் அங்கே ஒரு பெண்ணின் பொறுப்பு. முன்பு தையல் மெஷின் மெக்கானிக். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தலைவரிலிருந்து புல் வெட்டுகிறவர்வரை எல்லோருக்கும் அவர் ஸ்பானர்தான். அவரே போனை எடுத்தால் "ஸ்பானர் பேசறேன்" என்பார்.

"பவுண்டு ஏத்தணும்" என்றார் எடைமேடைக்காரர்.

"எதுக்கு சார்?"

"காத்துல அம்பு நிக்க மாட்டேங்குது."

ஸ்பானர் மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டார். அந்த ஸ்டூல் கழகத்தில் பிரசித்தம். நின்றுகொண்டு இழுத்தால் இடுப்பு, முதுகு, கால் எல்லாம் சேர்ந்து பொய் சொல்லும் என்பது ஸ்பானரின் கட்சி. உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதித்து, அம்பைப் பூட்டி, முனையை இலக்கை விட்டு நகர்த்தாமல் நேராகப் பின்னால் இழுக்கவேண்டும். வில் வானத்தைப் பார்த்தால் அந்த எடை உன்னுடையது இல்லை. இழுத்த பிறகு முப்பது எண்ணும்வரை பிடிக்கவேண்டும். பிறகு எய்யாமல் அதே நிதானத்தோடு நாணை முன்னால் விட்டுத் திரும்பவேண்டும். இப்படிப் பத்துத் தடவை.

நாற்பத்தாறில் அவர் பத்துத் தடவையும் இழுத்தார். மூச்சுகூட மாறவில்லை. ஸ்பானர் இரண்டு திருகாணிகளையும் ஒரே அளவு முறுக்கி ஐம்பதுக்கு ஏற்றினார். அவருடைய லிம்புக்கு அதுதான் உச்சம். முதல் மூன்று வந்தன. நான்காவதில் வில்லின் முனை ஒரு சாண் மேலே எழும்பி இறங்கியது. ஆறாவதில் தோள் காதுக்கு வந்துவிட்டது.

"போதும் சார்." ஸ்பானர் திருகாணி முறுக்கும் ஆலன் கீயை எடுத்தார். "நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் வெச்சுக் கொடுத்த இடத்துலயே நீங்க நிக்கறீங்க. அதுதான் உங்க இடம். இந்த வில்லுல கஷ்டமெல்லாம் நடுவுல ஒரு அரை அடிதான். அதைத் தாண்டிட்டா சக்கரம் எடையை வாங்கிக்கும், கையில பத்து பவுண்டுகூட நிக்காது. அந்த அரை அடியை எழுபத்திரண்டு தடவை சண்டை போடாம தாண்டணும். மொதல் அம்பை யார் வேணா இழுப்பான். எழுபத்திரண்டாவதை இழுக்கணும்ல?"

"அறுபது இழுக்கறவங்க இருக்காங்களே."

"இருக்காங்க. எட்டு முழ வேட்டி கட்டறவங்களும் இருக்காங்க. விரலுக்குத் தகுந்த வீக்கம் சார்."

யாரைச் சொல்கிறீர்கள் என்று ஸ்பானர் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். சகலையின் வில்லைப் பொருத்தியதும் அவர்தான். ஆனால் அவர் கேட்கவில்லை. ஒருவருடைய அளவை இன்னொருவரிடம் சொல்வது அவர் வழக்கமும் இல்லை. எடைமேடைக்காரர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தார். நகரின் மறு கோடியில், பெரும்பாலும் மீன்பிடிச் சாமான் விற்கும் ஒரு கடையில் விற்களும் இருந்தன. அங்கே கேள்வி கேட்கிறவர்கள் இல்லை. அவருடைய வில்லின் மாடலுக்கு ஐம்பதிலிருந்து அறுபதுவரை போகும் லிம்ப் ஒரு ஜோடி இருந்தது; மாட்டிக் கொடுத்தார்கள். அம்பும் மாற்றவேண்டியிருந்தது. பழைய அம்பு அந்த விசைக்குப் பாம்பு மாதிரி நெளியும் என்றார் கடைக்காரர். ஐம்பத்தேழில் நிறுத்தினார்கள். கடைக்குள்ளே ஸ்டூல் இல்லை. நின்றபடி, கூரையைப் பார்த்து வில்லைத் தூக்கி, மார்பைத் திறந்து, பல்லைக் கடித்து இழுத்தார். வந்துவிட்டது.

"சூப்பர் சார்" என்றார் கடைக்காரர், கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் பயிற்சி எடைமேடையில்தான் நடந்தது. அறைக்குப் பின்னால், உடைந்த தராசுத் தட்டுகள் அடுக்கியிருந்த கொட்டகையில், சாக்கு மூட்டைகளை அடைத்து ஓர் இலக்கு செய்துகொண்டார். சாப்பாட்டு நேரத்தில் ஒன்றிலிருந்து இரண்டுவரை லாரிகள் வராது. ஐந்தடி தூரத்திலிருந்து இழுப்பார், எய்வார், பிடுங்குவார். முதல் நாள் பதினெட்டு அம்பு. வார இறுதிக்குள் நாற்பது. சகலை இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார் என்ற நினைப்பு மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு லிஃப்டின் உச்சியில், கம்பி வடத்தை இழுத்துக்கொண்டு, விசில் அடித்துக்கொண்டு. அந்த விசில்தான் அவருக்கு அதிகம் எரிந்தது. கஷ்டப்பட்டு முன்னுக்கு வருகிறவனை மன்னிக்கலாம். விசில் அடித்துக்கொண்டு வருகிறவனை எப்படி மன்னிப்பது?

கழகத்துக்குச் சகலை வராத புதன்கிழமைகளில் மட்டும் போனார். மார்ச் 20 அன்று முப்பத்தாறு அம்புகளில் 341 எடுத்தார். வாழ்நாளில் அதுதான் அவருடைய சிறந்த பாதி ஆட்டம். முள் 34-க்கு ஏறியிருந்தது. அம்பு கயிறு கட்டி இழுத்ததுபோல் நேராகப் போய் இலக்கின் நடு மஞ்சளில் குத்தியது. மீதி முப்பத்தாறை அன்று அவர் எய்யவில்லை. வலது தோளுக்குள் யாரோ ஊசி நூல் கோர்ப்பதுபோல் இருந்தது. நல்லதை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து மனைவி பரண் மேலிருந்த டப்பாவை எடுத்துத்தரச் சொன்னாள். இடது கையால் எடுத்தார்.

"வலது கை என்ன லீவா?"

"ஒருக்களிச்சுப் படுத்துட்டேன்."

"ஒரு வாரமா சட்டையைத் தலைகீழா மாட்டற மாதிரி மாட்டறீங்க. நான் பாக்கலைன்னு நினைச்சீங்களா?" டப்பாவை வாங்கிக் கீழே வைத்தாள். "தங்கச்சி வீட்டுக்காரரோட போட்டியா?"

"யாரு? நானா? எனக்கு எதுக்குப் போட்டி? வயசென்ன எனக்கு!"

"அதைத்தான் நானும் கேக்கறேன். புலியைப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதை தெரியும்ல?"

"அவன் புலி, நான் பூனையா?"

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பதினாறு வருடத்தில் தன் தங்கை கணவரை அவர் அவன் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. உள்ளே போய் வலிக் களிம்பை எடுத்துவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 31 காலை எட்டரைக்குச் சாதனப் பரிசோதனை. காம்பவுண்ட் வில் அறுபது பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்பது போட்டி விதி. அதனால் ஒவ்வொரு வில்லையும் ஒரு கொக்கித் தராசில் மாட்டி இழுத்து, உச்ச எண்ணைச் சொல்ல வேண்டும். இழுப்பது ஸ்பானர். எழுதிக்கொள்வது நடுவர், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கும் ஒரு அம்மாள். கழகத்தில் யாரிடமும் தயவு தாட்சண்யம் காட்டாதவர் என்று பெயர்.

பல் டாக்டர் ஐம்பத்திரண்டு. காசாளர் நாற்பத்தொன்பது. எடைமேடைக்காரர் தன் வில்லை நீட்டியபோது ஸ்பானரின் கண் புது லிம்பில் ஒரு விநாடி நின்றது. மாட்டி இழுத்தார்.

"ஐம்பத்தேழு."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து சகலை, "அடேங்கப்பா! அண்ணே!" என்றார். எடைமேடைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். நான்கு வாரத்தில் முதல்முறையாக மூச்சு நிம்மதியாக உள்ளே போய் வந்தது.

அடுத்தது சகலையின் வில்.

"நாப்பத்தஞ்சு" என்றார் ஸ்பானர்.

"எவ்வளவு?" கேட்டது எடைமேடைக்காரர்.

"நாப்பத்தஞ்சு சார்."

"இன்னொரு தடவை இழுங்க."

நடுவர் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஸ்பானர் மறுபடி இழுத்தார். தராசின் முள் அதே நாற்பத்தைந்தில் நின்றது. வாழ்நாளில் எத்தனையோ லாரிக்காரர்கள் அவருடைய ஜன்னலில் வந்து "இன்னொரு தடவை ஏத்திப் பாருங்க" என்று கெஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இப்போது தன் குரலும் அப்படித்தான் இருந்தது என்பதும் தெரிந்தது.

ஒதுக்குப்புறமாக வந்ததும் ஸ்பானரைப் பிடித்தார். "அறுபதுன்னு ஒட்டியிருக்கே?"

"நாப்பத்தஞ்சுலேர்ந்து அறுபதுன்னு ஒட்டியிருக்கு. திருகாணியை முழுக்க இறக்கி வெச்சிருக்கோம். ஸ்டிக்கரைப் பாத்தா வாங்கினீங்க? நீங்களா?"

"அப்போ அந்த வேகம்? சைட்டு முப்பத்தொண்ணுல நிக்குதே!"

"அவரு கையைப் பாருங்க சார். விரிச்சா ஆறே கால் அடி. நாணை முப்பது அங்குலம் இழுக்கறாரு. உங்களுக்கு இருபத்தேழு. மூணு அங்குலம் கூடுதலா தள்ளுது நாண், வேகம் தானா வருது. அது பவுண்டு இல்ல, பொறந்து வந்தது."

எடைமேடைக்காரர் தூரத்தில் நின்ற சகலையின் கைகளைப் பார்த்தார். பதினான்கு மாதமாகப் பக்கத்தில் நின்றும் அந்தக் கைகளை அவர் பார்த்ததில்லை. முழங்காலைத் தொட்டுவிடும்போல நீளமாக, சோம்பேறித்தனமாகத் தொங்கின. அவற்றையும் இப்போது பொறாமைப்பட வேண்டியிருந்தது.

சகலை ஓடிவந்தார். "அண்ணே, ஐம்பத்தேழா! எங்கிட்ட சொல்லவே இல்லையே! நான் மொதல்ல ஐம்பத்தஞ்சுலதான் ஆரம்பிச்சேன், தெரியுமா? தோளு கழண்டுடுச்சு. அப்புறம் உங்களைப் பாத்தேன், நாப்பத்தாறுல கல்லு மாதிரி நிக்கறீங்க. அண்ணனுக்கு அது போதும்னா எனக்கு என்னன்னு ஸ்பானர்கிட்ட சொல்லி இறக்கிட்டேன். இறக்கினப்புறம்தான் எனக்கு அம்பே சேர ஆரம்பிச்சுது. இப்போ நீங்க ஏத்திட்டீங்களே!"

அதில் கேலி ஒரு சிட்டிகைகூட இல்லை. எடைமேடைக்காரர் தேடித் தேடிப் பார்த்தார்.

"சும்மா, ஒரு மாறுதலுக்கு" என்றார்.

பயிற்சி அம்புகளுக்கு இருபது நிமிடம் இருந்தது. அவர் ஆலன் கீயை வாங்கித் திருகாணிகளை இறங்கும்வரை இறக்கினார். புது லிம்ப் ஐம்பதுக்குக் கீழே வராது. பழைய லிம்ப் வீட்டில் அலமாரிக்குள் இருந்தது. மாற்ற நேரமும் இல்லை. சைட் முள் எங்கே நிற்கவேண்டும் என்பது புதிதாகத் தேட வேண்டியதாயிற்று. முதல் ஆறு அம்பு வெளி நீலத்தில் போயின, அடுத்த ஆறு உள்ளே சிவப்புக்கு வந்தன. மணி அடித்துவிட்டது.

ஒரே இலக்கில் இருவரும். முதல் சுற்றில் அவருக்கு 53, சகலைக்கு 56. இரண்டாவதில் 55, 55. மூன்றாவதில் சகலை ஓர் எட்டு விட்டார். அந்த எட்டைப் பார்த்து எடைமேடைக்காரருக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த சுற்றில் 56 எடுத்தார். தோள் தாங்கும் என்று நினைத்தார். பகை மருந்துபோல வேலைசெய்தது, ஐந்தாவது சுற்றுவரை.

ஆறாவது சுற்றில் அந்த நடு அரை அடி வந்து நின்றது. நாண் பாதி வழியில் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடும். வில்லைக் கொஞ்சம் தூக்கினால் வரும். தூக்கினார். ஏழாவதில் இன்னும் கொஞ்சம். நடுவர் பின்னாலிருந்து வந்து சன்னமாகச் சொன்னார்: "அம்பு முனை தடுப்புச் சுவருக்கு மேல போகுது. நழுவினா ரோட்டுல விழும். இது முதல் எச்சரிக்கை."

எட்டாவது சுற்றில் நான்கு தடவை வில்லைத் தூக்கிப் பாதி இழுத்துவிட்டு இறக்கினார். நாண் கையோடு அவரையும் ஓர் அடி முன்னால் இழுத்தது. நேரம் முடிந்தபோது ஐந்து அம்புதான் போயிருந்தது. ஆறாவது அம்பு காலடியில் புல்லில் கிடந்தது. நடுவர் இரண்டாவது எச்சரிக்கையை எழுதிக்கொண்டார். "இன்னொரு தடவை மேல தூக்கினா எய்யற கோட்டை விட்டு இறங்கணும். தெரியும்ல?"

"தெரியும்."

அம்பு பிடுங்கப் போகும் வழியில் சகலை அவர் பக்கத்தில் நெருங்கி நடந்தார். "அண்ணே, முகமெல்லாம் வெளுத்திருக்கு. விட்டுடுங்க. ஒரு போட்டிதானே? தோளு போயிடும்."

"மூணாவது இடம் காலியாயிடும்ல?"

சகலை நின்றுவிட்டார். புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அந்த நீளமான கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உங்களுக்கு அப்படித் தோணுதாண்ணே?"

எடைமேடைக்காரர் அம்புகளைப் பிடுங்கினார்; இடது கையால்தான் முடிந்தது. சகலை அதைப் பார்த்தார். உதவிக்குக் கை நீட்டியவர் பாதியில் இழுத்துக்கொண்டார். திரும்பி வரும்போது இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கும் இடம் இருந்தது.

ஒன்பதாவது சுற்று. அவர் கோட்டில் நின்றார். இறக்கிவிட்டுப் போகலாம் என்று தோள் சொன்னது. பக்கத்தில் சகலை இழுத்தார். வில் ஓர் அணுகூட எழாமல், கதவைத் திறப்பதுபோல் நாண் பின்னால் வந்தது. அதை எடைமேடைக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். பார்த்திருக்கக்கூடாது. அம்பைப் பூட்டினார், இழுத்தார், நாண் நின்றது. வில்லை வானத்துக்குத் தூக்கினார்.

நடுவரின் விசில் ஒலித்தது.

அவர் நாணை மெள்ள இறக்கி, அம்பைக் கழற்றி, கோட்டை விட்டுப் பின்னால் வந்தார். மற்றவர்கள் அந்தச் சுற்றை எய்து முடிக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஸ்பானர் வந்து அவர் வில்லை வாங்கி உறையில் வைத்தார். புது லிம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

மதியம் பன்னிரண்டே காலுக்கு அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். முதல் இடம் பல் டாக்டர், 702. இரண்டாம் இடம் காசாளர், 695. மூன்றாம் இடம் லிஃப்ட் மெக்கானிக், 659. கடைசி வரியில் எடைமேடைக்காரர்: 47 அம்புகள், 411, நீக்கம். 659 என்பது மார்ச் 3 அன்று எடைமேடைக்காரர் எடுத்ததைவிட இரண்டு புள்ளி குறைவு.

தோள் தசைநார் வீக்கம் என்றார் மருத்துவர். எட்டு வாரம் வில்லைத் தொடக்கூடாது. மே மாதப் போட்டியில் அணி கால் இறுதியில் மூன்று புள்ளியில் தோற்றது. செய்தியை மனைவி சொன்னாள். அவர் "அப்படியா" என்றார். சகலை அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டுச் சனிக்கிழமைகளில் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தார். எடைமேடைக்காரர் ஜூன் இரண்டாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்பது பவுண்டில் மறுபடி தொடங்கினார்.